முட்டையில்லாத கொக்கரிப்பு

மார்கழி பிறந்ததும் புள்ளிச்சிக் கோழிக்கு இறகு உதிரத் தொடங்கியது. நடந்தால் ஒன்று, சிலிர்த்தால் இரண்டு. குளத்திலிருந்து எழுந்து வரும் பனிப்புகையில் அந்த இறகுகள் தரையைத் தொடாமல் மிதந்தன. எது பனி, எது தன் இறகு என்று சில நேரம் புள்ளிச்சிக்கே தெரியவில்லை.

காட்டோரம் இருந்த அந்த வீட்டுக்குச் சூரியன் தாமதமாக வந்தது. சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. புள்ளிச்சிக்கு எந்நேரமும் தூக்கமாக வந்தது. குப்பையைக் கிளறும்போதே கண் சொருகும். அந்த அரைத் தூக்கத்தில், உலகமே ஒரு பெரிய முட்டைக்குள் இருப்பது போலத் தோன்றும். சுற்றிலும் வெள்ளை ஓடு, மங்கிய வெளிச்சம், வெளியே யாரோ நடக்கும் ஓசை.

ஆனால் புள்ளிச்சி முட்டை போட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்காரி பூங்காவனம் கோழி வளர்ப்பது அதுதான் முதல் தடவை. காலையில் எழுந்ததும் கூடைகளுக்குள் கைவிட்டுத் துழாவுவாள். இளம் கோழி தவிட்டியின் கூடையில் முட்டை இருக்கும். புள்ளிச்சியின் கூடையில் வைக்கோல்தான் இருக்கும்.

"சின்னவ போடுறா! உனக்கு என்னடி வந்துச்சு? திங்க மட்டும் தெரியுதா?" என்று ஒருநாள் பூங்காவனம் கத்தினாள். "மாட்டுப் பொங்கலுக்கு எங்க அண்ணன் வர்றாரு. இப்படியே இருந்தா நீதான் குழம்பு, பாத்துக்க!"

அவள் உள்ளே போனதும் தவிட்டி மெல்லக் கேட்டது. "அக்கா, நெசமாவா சொல்லுது?"

"தெரியலடி."

"கொஞ்சம் முக்கித்தான் பாரேன்!"

"முக்காமலா இருக்கேன்? உள்ள ஒண்ணுமே இல்லடி. பெஞ்சு முடிச்ச மேகம் மாதிரி இருக்கு."

அன்று புள்ளிச்சி குளக்கரையில் தனியாக உட்கார்ந்து அழுதது. கரையில் இருந்த வளையிலிருந்து ஒரு கீரி தலையை நீட்டியது.

"ஏன் தங்கச்சி அழுவுற?"

"உங்கிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ முட்டைத் திருடன்!"

"திருடன்தான்! அதனாலதான் முட்டையைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். சொல்லு, முட்டையைப் பாக்குறதுக்கு முன்னாடி மனுசங்க எதைக் கேக்குறாங்க?"

புள்ளிச்சி யோசித்தது. "கொக்கரிப்பை."

"அதை மட்டும் குடு! சத்தம் கேட்டா, நீ முட்டை போட்டுட்டன்னு அர்த்தம். முட்டையைக் காணோம்னா அது உன் தப்பா?"

பனிக்குள்ளிருந்து வந்த அந்தப் பேச்சு புள்ளிச்சிக்குக் கனவு போல இனித்தது. பிறகு யாருடைய தப்பு ஆகும் என்று அது கேட்கவில்லை.

மறுநாள் காலை புள்ளிச்சி கூடையில் உட்கார்ந்தது. எழுந்தது. வீடு அதிரக் கொக்கரித்தது.

பூங்காவனம் ஓடிவந்தாள். கூடையில் எதுவும் இல்லை. "போட்டிருக்கா! என் தங்கம் போட்டிருக்கா! எவனோ எடுத்துட்டான்!" என்று புள்ளிச்சியைத் தூக்கிக் கொஞ்சினாள். ஒரு பிடி கம்பும் கூடுதலாகப் போட்டாள்.

அடுத்த நாளும் கொக்கரிப்பு. அதற்கு அடுத்த நாளும் கொக்கரிப்பு. முட்டை மட்டும் இல்லை. பூங்காவனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கோழிக்கூட்டின் அருகே மாசி என்ற நாய் படுத்திருந்தது. கூட்டுக்குக் காவலாக அது எப்போதும் அங்கேதான் படுக்கும்.

"நீதானாடா அது?"

மாசி வாலை ஆட்டியது. அதை வாசலுக்கு இழுத்துப்போய்ப் புங்கமரத்தில் கட்டினாள் பூங்காவனம்.

"அக்கா, உண்மையைச் சொல்லிடு!" என்றது தவிட்டி. "மாசி அண்ணன்கிட்டயாவது சொல்லு!"

புள்ளிச்சி புங்கமரத்தடிக்குப் போனது. மாசி கயிற்றோடு எழுந்து நின்றது.

"வா புள்ளிச்சி! நீ திரும்ப முட்டை போடுறியாமே, சந்தோசம்! அதைத் திங்கிறவன் எவன்னு மட்டும் எனக்குத் தெரியட்டும். கடிச்சுக் குதறிடுறேன்!"

புள்ளிச்சியின் வாய் திறந்து மூடியது. ஓர் இறகு உதிர்ந்தது. உண்மையை விழுங்கிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் காலை பனி மிகவும் கெட்டியாக இருந்தது. வேலிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கீரி சத்தமில்லாமல் வந்தது. தவிட்டி அப்போதுதான் போட்டிருந்த முட்டையை உருட்டி, உடைத்துக் குடித்தது.

"நல்லா வேலை பாத்த புள்ளிச்சி!" என்று மீசையை நக்கியது. "அந்த நாயைக் கட்டிப்போட எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா?"

சொல்லிக்கொண்டே தவிட்டியின் மேல் பாய்ந்தது.

இரண்டு கோழிகளும் அலறின. வாசலில் கயிறு அறுபடும் சத்தம் கேட்டது. மாசி பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. தவிட்டியின் வால் இறகு ஒரு கொத்தை வாயில் கவ்வியபடி கீரி வேலிக்குள் புகுந்து மறைந்தது. தவிட்டி பிழைத்தது.

பூங்காவனம் விளக்குமாற்றோடு வந்தபோது கீரி இல்லை. கூட்டுக்கு முன்னால் மாசி மூச்சிரைக்க நின்றது. அதன் காலடியில் உடைந்த முட்டை ஓடு கிடந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டியா!" அவள் விளக்குமாற்றை ஓங்கினாள். "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் வேணும்னு பால் வண்டிக்காரர் கேட்டுட்டே இருந்தாரு. நாளைக்கே உன்னை ஏத்தி விடுறேன்!"

பயத்தில் தவிட்டி நாள் முழுக்கக் கூடையை விட்டு எழவில்லை. சாயங்காலம் வேலிக்கு அப்பாலிருந்து கீரி கிசுகிசுத்தது. "நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இரு, தங்கச்சி. நாய் போயிடும். உன் உசுரும் தப்பிச்சிடும்."

காலையில் பால் வண்டி வந்து ஹாரன் அடித்தது. வாசலில் பெரிய மார்கழிக் கோலம். நடுவில் பூசணிப்பூ பனியில் நனைந்து மஞ்சளாக மின்னியது. அறுந்த கயிற்றுக்குப் பதில் பூங்காவனம் மாசிக்குச் சங்கிலி போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அப்போது வீட்டைச் சுற்றிக்கொண்டு புள்ளிச்சி ஓடிவந்தது. நேராகப் போய்க் கோலத்தின் நடுவே உட்கார்ந்தது. எழுந்தது. கொக்கரித்தது.

"அய்யோ, என் கோலம்! ஏய், போடி!"

புள்ளிச்சி போகவில்லை. மறுபடியும் உட்கார்ந்தது. எழுந்தது. கொக்கரித்தது.

பூங்காவனம் குனிந்து பார்த்தாள். கலைந்த கோலமாவும் இரண்டு இறகும்தான் இருந்தன.

"எங்கடி முட்டை?"

அவள் கண்ணெதிரே, அவள் காலடியில், புள்ளிச்சி மூன்றாம் முறையும் உட்கார்ந்து எழுந்து கொக்கரித்தது.

பூங்காவனத்தின் பிடி தளர்ந்தது. "அப்ப... இத்தனை நாளும் இப்படித்தானா? சும்மாவா கத்துன?"

அவள் புள்ளிச்சியை வாரித் தூக்கினாள். இனி கத்திதான் என்று புள்ளிச்சி கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் இறக்கைக்கு அடியில் போன கை அப்படியே நின்றது. நெல்முனை போல ஏதோ குத்தியது. இறகை விலக்கிப் பார்த்தாள். உடம்பு முழுவதும் புதுக் குருத்து இறகுகள் முளைத்துக்கொண்டிருந்தன. கோழி பஞ்சு போல எடையற்றிருந்தது.

"அடி பாவி, திங்கிறதெல்லாம் இதுக்கே போயிடுதா? குளிருக்குப் புதுச் சட்டை தைக்கிறியா? இதுல முட்டைக்கு எங்க போவ நீ?"

"நாயை ஏத்தட்டுமா வேணாமாம்மா? பால் கெட்டுப்போயிடும்!" என்றார் வண்டிக்காரர்.

"வேணாம்ணே, வேணாம்! நீங்க போங்க!"

பிய்ந்த வாலோடு தவிட்டி எட்டிப் பார்ப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. "அப்ப நேத்து முட்டையை உடைச்சதும் கீரிதானா?" என்று சங்கிலியைக் கழற்றி, மாசியின் தலையை வெகுநேரம் தடவினாள். கோழிகளுக்குக் கம்பு வைத்தாள். பொங்கல் குழம்பைப் பற்றிப் பேசவே இல்லை.

மாசி பழையபடி கூட்டின் அருகே வந்து படுத்தது. அதன் பக்கத்தில் புள்ளிச்சி தலைகுனிந்து நின்றது.

"அப்ப உன் முட்டையை யாருமே திங்கலையா?" என்று மாசி கேட்டது.

"இல்லண்ணே. முட்டையே இல்ல. என்னை மன்னிச்சிடு."

மாசி பெருமூச்சு விட்டது. "நல்லவேளை! கட்டிப்போட்டதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல நான்தான் தின்னுட்டேனோன்னு!"

தவிட்டி சிரித்தது. வேலிக்கு அப்பால் கீரி குளக்கரைப் பக்கமே திரும்பி நடந்தது. புள்ளிச்சி கொக்கரிக்கவில்லை. மாசியின் சூட்டில் ஒட்டிக்கொண்டு, பனிக்குள் மெல்ல மெல்ல உறங்கிப்போனது.

உடல் ஓய்வு கேட்டால் கூசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பயந்து சொல்லும் பொய்க்குத் தண்டனை பெறுவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நல்லவர்தான்.