நரி வைத்த பத்துக் கற்கள்

ஒரு காட்டை ஓநாய்ப் படை பிடித்துக்கொண்டது. எதற்கு என்று கேட்காதீர்கள், அதுகளுக்கே தெரியாது. வந்த கையோடு கிழங்கு விளையும் மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டன.

அன்றிலிருந்து மற்ற மிருகங்களுக்கு ஆலமரத்தடியில் வரிசை. ஓநாய்களிடமிருந்து தினம் ஒரு கூடைக் கிழங்கு வரும். தீர்ந்தால் தீர்ந்தது.

வெயிலில் எவ்வளவு நேரம்தான் நிற்பது? ஆளுக்கொரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்காருவார்கள். கல் இருந்தால் ஆள் இருந்த மாதிரி. கல்லுக்கு ஒரு கிழங்கு.

ஒரு நாள் நரி எல்லோருக்கும் முந்தி வந்து பத்துக் கல்லை முன்னால் அடுக்கிவிட்டது.

முயலுக்கு அதற்குப் பின்னால்தான் இடம். நேற்றே அதற்குக் கிழங்கு கிடைக்கவில்லை. வளையில் குட்டிகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன.

"நரியண்ணே, ஒரு கல்லை எனக்கு விட்டுக்கொடேன்."

"விடுறேன். வாங்குற கிழங்குல பாதி எனக்கு."

"பாதியை வெச்சு நாலு குட்டிக்கு எப்படிண்ணே?"

"பெத்துக்கும்போது என்னைக் கேட்டியா?"

"இவன் கல்லை வித்தே கோட்டை கட்டிருவான்" என்றது முள்ளம்பன்றி.

முயல் மரத்துக்குப் பின்னால் பார்த்தது. அங்கே மூங்கில் கட்டுகள் கிடந்தன. ஓநாய்கள் ஆற்றில் பாலம் போடுகின்றன. போன வாரம் வரிசையில் முன்னால் நின்ற கழுதையைத்தான் சுமக்க இழுத்துப் போயின.

ஓநாய்த் தலைவன் வந்ததும் முயல் முதல் கல்லில் ஏறி உட்கார்ந்தது. "இது என் கல்!"

"அடிப்பாவி! பத்தும் என்னுது!"

"எங்க, ஐயா முன்னாடி சொல்லு பார்ப்போம்."

நரி நெஞ்சை நிமிர்த்தியது. "ஐயா, இந்தப் பத்துக் கல்லும் என்னுதுங்க. சத்தியமா வேற யாருக்கும் பங்கில்லைங்க!"

"நல்லதாப் போச்சு" என்றது ஓநாய். "கல்லுக்கு ஒரு கட்டு. பத்தையும் ஆத்தங்கரையில போட்டுட்டு வந்து கிழங்கு வாங்கிக்கோ."

"ஐயா, யோசிச்சுப் பார்த்தா... ஒண்ணுதாங்க என்னுது."

"இப்பத்தானே சத்தியம் பண்ணே? தூக்குடா!"

நரி முதல் கட்டோடு தள்ளாடிப் போனது. முள்ளம்பன்றி பத்துக் கல்லையும் ஓரமாக உருட்டிவிட்டது. வரிசை நகர்ந்தது. முயல் முழுக் கிழங்கைக் கவ்விக்கொண்டு வளைக்கு ஓடியது.

கடைசிக் கட்டையும் போட்டுவிட்டு நரி வந்தபோது கூடையில் மண்தான் ஒட்டியிருந்தது. நக்கிப் பார்த்தது. மண்ணேதான்.

நீதி இவ்வளவுதான்: பசித்தவர்களின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டால், அவர்களுடைய சுமையையும் நீயேதான் தூக்க வேண்டும்.