புழுவோடு ஓடிய பூழி

காட்டோரத்து இலுப்பை மரத்தடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறி இரை தேடிக்கொண்டிருந்தன. அவர்களில் ஒருத்தி பூழி. கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்தபடி காத்திருந்ததால், மற்றவர்களைவிட வேகமாகக் கிளறினாள். கொழுத்த புழு ஒன்று அகப்பட்டது.

"வல்லூறு! வல்லூறு வருது!" என்று மேல்கிளையில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி கத்தினான்.

புழுவைப் போட்டது போட்டபடி ஏழு பேரும் முள்புதருக்குள் பாய்ந்தார்கள். வானத்தில் ஒரு கொசுகூட இல்லை. கரிச்சான் நிதானமாக இறங்கிவந்து புழுவை விழுங்கிவிட்டு, அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டான்.

அன்றைக்கு இது நான்காவது தடவை.

"இனிமே நான் ஓடப்போறதில்லை," என்றாள் பூழி. "பொய்யின்னு தெரிஞ்சும் ஓடினா, நம்மைவிட முட்டாள் யாரு?"

"சொல்றது சுலபம்," என்றாள் அக்காள் செம்மி, சிறகில் ஒட்டிய முள்ளை எடுத்தபடி.

அது சரிதான். அடுத்த தடவை கரிச்சான் கத்தியபோது, 'ஓடமாட்டேன்' என்று பூழி உறுதியாக நினைத்தாள். நினைத்து முடித்தபோது புதருக்குள் இருந்தாள்.

"எப்ப வந்தே?" என்று கேட்டாள் செம்மி.

"எனக்கே தெரியலை, அக்கா."

பூழி விடவில்லை. மறுநாள் ஒரு வேரைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். கரிச்சான் கத்தினான். அவள் உடம்பு உதறியது, ஆனாலும் நின்றுவிட்டாள். புழு தின்ன இறங்கியவன் எதிரே அவளைக் கண்டு திகைத்தான்.

"நீ ஓடலையா?"

"எதுக்கு ஓடணும்?"

அன்று குஞ்சுகள் வயிறு நிறையத் தின்றன. பயத்தை வென்ற கதையைப் பூழி மரம் மரமாகப் போய்ச் சொன்னாள். அணில்களுக்கு அலுத்தே போனது.

மூன்றாம் நாளும் கரிச்சான் கத்தினான். பூழி அலட்சியமாக வேரைப் பற்றிக்கொண்டாள்.

"பூழி, அந்தக் கரிச்சானே ஓடுறான் பாரு!" என்று புதருக்குள்ளிருந்து செம்மி அலறினாள்.

அவள்மேல் ஒரு நிழல் விழுந்தது. பூழி முடிவெடுக்கும் வரை அவள் கால்கள் காத்திருக்கவில்லை. வேரை விட்டுவிட்டு அவளைப் புதருக்குள் எறிந்தன. வல்லூற்றின் நகத்தில் வால் இறகுகள் மட்டும் சிக்கின.

வாலில்லாமல் வெகுநேரம் மூச்சிரைத்த பிறகு பூழி கேட்டாள். "பயமே இல்லாதவங்க நம்ம வம்சத்துல யாரும் இருந்ததில்லையா, அக்கா?"

"இருந்திருப்பாங்க. அவங்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்ததா கேள்விப்பட்டதில்லை," என்றாள் செம்மி. "நாமெல்லாம் ஓடினவங்க பெத்த பிள்ளைங்க. பொய்க்கு ஓடினா ஒரு புழு போகும். நிஜத்துக்கு ஓடலைன்னா கழுத்து போகும். அதான் உடம்பு நம்மைக் கேட்காமலே ஓடுது."

பூழி யோசித்தாள். கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அலகு கேட்குமா?

அன்று மாலையே ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு பழகத் தொடங்கினாள். சருகு சலசலத்தால் அலகை இறுக்கு. கிளை அசைந்தால் அலகை இறுக்கு. மற்ற ஆறு பேரும் முதலில் சிரித்தார்கள், பிறகு தாங்களும் இறுக்கினார்கள்.

காலையில் கரிச்சான் வழக்கம்போலக் கத்தினான். ஏழு பேரும் வழக்கம்போல உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அலகில் ஆளுக்கொரு புழு இருந்தது.

கரிச்சான் இறங்கிவந்து வெறும் சருகைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இது என்ன நியாயம்?" என்று புதரைப் பார்த்துக் கேட்டான்.

பதில் வரவில்லை. எல்லார் வாயும் நிறைந்திருந்தது.

முன்னோர் நம் உடம்பில் விட்டுச்சென்ற பயத்தை அழிக்கவும் வேண்டாம், அதற்கு எல்லாவற்றையும் பறிகொடுக்கவும் வேண்டாம். அதோடு கொஞ்சம் அறிவையும் சேர்த்துக்கொண்டால் போதும்.