மருத்துவக் காப்புச் சந்தையும் அமைச்சரின் கடைவாய்ப்பல்லும்

மணற்கோட்டையை ஆண்ட மாறவேள் இளகிய மனசுக்காரர். ஒருவர் படுத்தால் குடும்பமே வீட்டை விற்று வைத்தியம் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் செலுத்தட்டும், நோய் வந்தால் அரண்மனை வைத்தியம் பார்க்கும் என்று முடிவு செய்தார். பலவிதக் காப்புத் திட்டங்களையும் ஓரிடத்தில் வைத்து, மக்கள் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க ஒரு சந்தை அமைக்கச் சொன்னார்.

சந்தைக்கான ஏற்பாடு அமைச்சர் அனந்தவீரரிடம் போயிற்று. திட்டம் போடுவதில் அவர் புலி. வைத்தியர்களைத் தேடும் முன்பே விதிகளை எழுதி முடித்துவிட்டார். சந்தைக்கு வருபவரின் பெயரை ஓட்டக்காரர்கள் ஊர்ச்சாவடிக்கும் வரிச்சாவடிக்கும் கொண்டு ஓடுவார்கள். இரண்டு ஏடுகளிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போனால்தான் கதவு திறக்கும். சந்தையில் பதியாதவரை நாட்டில் எந்த வைத்தியரும் தொடக் கூடாது.

வெள்ளோட்டத்தில் முதலில் வந்தவர் உப்பளத்து வெள்ளையம்மாள். மூச்சுவிட முடியாமல் தவித்தவரை மகன்கள் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஊர் ஏட்டில் வெள்ளையம்மாள், வரி ஏட்டில் வெள்ளச்சி. ஆக இவர் இரண்டு பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதை அரசவையில் எடுத்துச் சொன்னவன் விகடகவி வேம்பன். பெயருக்கேற்ற வாய். அமைச்சர் அசரவில்லை. பெயரை ஒழுங்காக வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏற்பாடு பொறுப்பாகாது என்றார். அவ்வளவு அக்கறை இருந்தால் வேம்பனே குறைகேட்கும் சாளரத்தில் உட்காரட்டும், ஆனால் விதியை ஓர் எழுத்து மீறினாலும் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றும் சொன்னார். மன்னர் தலையாட்டினார். வேம்பன் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டான்.

திறப்பு விழாவன்று காலையில் அமைச்சருக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னம் பலாச்சுளை போல வீங்கிவிட்டது. அரண்மனை வைத்தியர் கைகூப்பி, பதிவு இல்லாமல் தொட மாட்டேன் என்றார். அமைச்சர் சந்தைக்கு ஓடினார். பெயர் போய்த் திரும்பியது, கதவு திறக்கவில்லை. கன்னத்தைப் பிடித்தபடி வேம்பனின் சாளரத்துக்கு வந்தார். விழாவுக்கு வந்திருந்த மன்னரும் பின்னால் வந்து நின்றார்.

"ஊர் ஏட்டில் குஞ்சுமணி, வரி ஏட்டில் அனந்தவீரர்" என்றான் வேம்பன். "தாங்கள் இரண்டு பேர்."

"நான் யாரென்று உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிகிறது. தங்கள் ஏற்பாட்டுக்குத்தான் தெரியவில்லை."

"அந்தப் பிழையைத் திருத்தித் தொலை."

"திருத்தும் அதிகாரம் அமைச்சர் ஒருவருக்கே உண்டு. அவர் இந்தச் சாளரத்துக்கு உள்ளே உட்கார்ந்து முத்திரை வைக்க வேண்டும். பதிவு இல்லாதவர் உள்ளே வரக் கூடாது."

"அப்படியானால் அமைச்சரைக் கூப்பிடு" என்றார் அமைச்சர், வலியில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல்.

"மன்னிக்க வேண்டும். அமைச்சர் இன்று வேலைக்கு வரவில்லை. பல்வலியாம்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். பிறகு, முதலில் வைத்தியம், பெயரை அப்புறம் பார்க்கலாம் என்று அங்கேயே விதியை மாற்றி, வெள்ளையம்மாளை அழைத்துவர ஆள் அனுப்பினார்.

கட்டில் வந்தது. வெள்ளையம்மாள் உள்ளே போனார். அவருக்கு அடுத்தபடியாக வரிசையில் குஞ்சுமணியும் அனந்தவீரரும், ஒரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நின்றார்கள்.