சத்தமில்லாமல் சாவி கொடுத்த கதை

பூஞ்சோலைக்கோட்டை ராஜா செண்பகராயருக்குப் பாட வராது என்று அந்தச் சமஸ்தானத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அதனால் அவருக்கும் அது தெரியாது.

ஒருமுறை அவர் பட்டணம் போய், தன்னைப் பற்றித் தானே இயற்றிய கீர்த்தனை ஒன்றைக் கிராமபோன் கம்பெனிக் குழாய்க்குள் பாடிவிட்டு வந்தார். இசைத்தட்டு வந்து சேர்ந்த நாள் முதல், மாலைதோறும் சபை கூடி அதைக் கேட்பது வழக்கமாயிற்று. கேட்பவர்கள் தொடையில் தட்டித் தாளம் போட வேண்டும். போடாதவருக்கு ரசனை இல்லை. ரசனை இல்லாதவருக்கு அந்தச் சபையில் வேலையும் இல்லை.

கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது பொன்னுரங்கம். அரண்மனைக் கடிகாரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வாய்த்துடுக்கும் அவர் பொறுப்புதான் என்று திவான் ரங்கோஜி ராவ் சொல்வார். கிராமபோனின் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. புதியது கப்பலில் வர வேண்டும். அதுவரை பாட்டு முடிகிற மட்டும் பக்கத்திலேயே நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றச் சுற்ற உள்ளே டக், டக், டக் என்று கேட்கும். கடிகாரங்களோடு பழகிய கை அது. ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே மயிரிழை பிசகாது.

ஒரு மாலை ராஜா பாட்டின் நடுவே கையை உயர்த்தினார். தட்டு நின்றது.

"பொன்னுரங்கம், நான் நெஞ்சுருகப் பாடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் யாரோ பாக்கு இடிக்கிறார்களே, யார் அது?"

"நான்தான் மகாராஜா. சாவி கொடுக்கிறேன்."

"சாவியைக் கொடு. சத்தத்தைக் கொடுக்காதே."

திவான் முன்னால் வந்தார். "அப்படி ஒரு இயந்திரம் சீமையிலேயே கிடையாதாம், மகாராஜா. ஆனால் நம் பொன்னுரங்கத்தால் ஆகாதது எது? பௌர்ணமிக்குள் செய்துவிடுவார். செய்யாவிட்டாலும் கவலையில்லை. என் மைத்துனன் மகன் சும்மாதான் இருக்கிறான்."

"சும்மா இருப்பதில் அவருக்குள்ள தேர்ச்சி ஊரறிந்தது" என்றார் பொன்னுரங்கம்.

"பௌர்ணமி" என்றார் ராஜா. "தவறினால் உத்தியோகமும் இல்லை, குடியிருக்கும் அரண்மனை வீடும் இல்லை."

பொன்னுரங்கம் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டார். சக்கரங்களில் நேராக வெட்டிய பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரத்தன. பற்களைச் சாய்வாக வெட்டினார். அவை வழுக்கிக்கொண்டு சேர்ந்தன. கரகரப்பு அடங்கியது. டக் அடங்கவில்லை. சுற்றிய ஸ்பிரிங் அவிழ்ந்துவிடாமல் ஒரு இரும்பு நாக்கு பல்லுக்குப் பல் விழுந்து தடுத்துக்கொண்டிருந்தது. அது விழும் சத்தம்தான் டக். நாக்கைக் கழற்றிப் பார்த்தார். கைப்பிடி பின்னால் சுழன்று மணிக்கட்டில் அடித்தது.

வீங்கிய கையோடு அவர் சபைக்குப் போன அன்று, திவானின் புதுத் தலைப்பாகை தலையில் சிக்கிக்கொண்டது. ஒரு சேவகன் அதைத் திருப்பினான். ஒரு பக்கம் திருப்பினால் சுற்று தளர்ந்தது. மறுபக்கம் திருப்பினால் திவானின் கண் பிதுங்கியது.

"இன்னொரு தடவை திருப்பு" என்றார் பொன்னுரங்கம்.

"எந்தப் பக்கம் ஐயா?"

"இரண்டு பக்கமும்."

அன்றே எஃகுக் கம்பியை அச்சின்மேல் தலைப்பாகை போலச் சுற்றினார். முன்னே சுற்றினால் சுருள் தளர்ந்து வழிவிட்டது. அச்சு பின்னே திரும்பப் பார்த்தால் இறுகிப் பிடித்துக்கொண்டது. நாக்கும் இல்லை, டக்கும் இல்லை.

பௌர்ணமி மாலை சபை நிறைந்திருந்தது. பொன்னுரங்கம் கைப்பிடியைச் சுற்றினார். பூனை நடப்பது போல இருந்தது. ராஜாவின் குரல் மட்டும் தனியாக எழுந்தது.

பல்லவி முடிவதற்குள் ஏதோ கோணலாயிற்று. சேனாதிபதியின் கை ஒரு நேரத்தில் விழுந்தது, ராஜகுருவின் கை வேறொரு நேரத்தில். பொக்கிஷதார் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர் அவரைப் பார்த்தார். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது போல ஒரு தாளம்.

பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் சபை தாளம் போட்டது பாட்டுக்கு அல்ல, அவர் கைப்பிடிக்கு. பாட்டு ஓரிடத்தில் ஓடியது, ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ராஜா கையை உயர்த்தினார். முகம் சிவந்திருந்தது. "நேற்றுவரை ஒரே அடியாக விழுந்த தாளம் இன்று ஏன் சிதறுகிறது?"

"இயந்திரத்தைக் கெடுத்துவிட்டான், மகாராஜா!" என்றார் திவான். "புதுச் சக்கரம் தட்டை ஒரே சீராகச் சுற்றவில்லை. வேறு யாராவது பாடிய தட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதிலும் தாளம் சிதறினால் இயந்திரத்தின் குற்றம். சிதறாவிட்டால்..."

"சிதறாவிட்டால்?" என்றார் ராஜா.

திவான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

ராஜா பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல். குற்றம் இயந்திரத்திலா, பாட்டிலா?"

இயந்திரம் என்றால் வீடு போகும். பாட்டு என்றால் தலை போகும். பொன்னுரங்கம் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, மேல்துண்டில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"இரண்டிலும் இல்லை மகாராஜா. குற்றம் சபையினுடையது. இத்தனை நாளும் இவர்கள் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாக மகாராஜாவைக் கேட்கிறார்கள்."

ராஜா அவரையே பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். எல்லோரும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார்கள். ராஜா சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு திடீரென்று வேகமாக, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடியும். அந்தச் சிரிப்பிலும் தாளம் சேரவில்லை.

தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கத்துக்குப் போட்டார். அரண்மனை வீடு ஆயுளுக்கும் அவருக்கே என்றார். சபை கலைந்தபின் அவரை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பழைய நாக்கு எங்கே?"

"பத்திரமாக வைத்திருக்கிறேன், மகாராஜா."

"மற்றவர்கள் பாட்டுக்கெல்லாம் புதுச் சக்கரமே இருக்கட்டும்" என்றார் ராஜா. "என் பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் பாக்கு இடி."