சூரியனை இழுக்க ஒரு கயிறு

முன்னொரு காலத்திலே சீன தேசத்தின் ஒரு மூலையை ஷுவோ என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஒரு பனிக்காலத்தில் அவன் ராணி இறந்துபோனாள். அதிலிருந்து அவனுக்குப் பொழுதே போவதில்லை.

அந்நாட்டு வழக்கப்படி, வருஷத்திலேயே நீளமான பகல் வரும்போது அரசவைக்கு மூன்று நாள் விடுமுறை. அதிகாரிகள் வீட்டுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகளோடு குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் அந்த நாள் காலையில் மூட்டை முடிச்சோடு விடைபெற வந்தவர்களைப் பார்த்ததும் ராஜாவுக்குத் துக்கம் பொங்கியது. அவனுக்குத் துக்கம் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எல்லாரும் போய்விட்டால் இத்தனை நீளப் பகலை நான் யாரோடு கழிப்பது?" என்று கத்தினான்.

மந்திரி நிங்மேல் எப்போதும் வயிறெரிகிற பிரபு காவ், இதுதான் சமயமென்று எழுந்தான். "மகாராஜா, நிங் மகா புத்திசாலி ஆயிற்றே! பகலைக் குறுக்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் இனி யாருக்கும் விடுமுறை வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்!"

சபையே வாடிப்போயிற்று. நிங்குக்கும் ஊரில் ஒரு மகள் காத்திருந்தாள். ஆனாலும் அவன் அசரவில்லை.

"சூரியனைக் கீழே இழுக்கக் கயிறு வேண்டும், மகாராஜா. கோதுமை மாவில், அறுபடாமல், தங்கள் கையாலேயே திரிக்க வேண்டும்."

ராஜா பிசைந்தான். இழுத்தான். அறுந்தது. மறுபடி பிசைந்தான். "தண்ணீர் போதாது" என்றான் நிங். "உமக்கென்ன தெரியும்? ராணி நூடுல்ஸுக்கு இவ்வளவுதான் தண்ணீர் விடுவாள்!" என்றான் ராஜா. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவு. ராணியைப் பற்றிப் பேசிக்கொண்டே இழுத்தான்.

திடீரென்று அந்தி முரசு ஒலித்தது.

"எவனடா அவன், நட்டநடுப் பகலில் முரசடிக்கிறவன்? பிடித்து வாருங்கள்!"

"வெளியே பாருங்கள், மகாராஜா."

வானம் சிவந்திருந்தது. ராஜா கையிலிருந்த மாவுக் கயிற்றைப் பார்த்தான்; நிங்கைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, "ஜெயித்துவிட்டீர். என் குதிரையை எடுத்துக்கொண்டு உம் மகளிடம் போம். எல்லாரும் போகலாம்" என்றான்.

அரண்மனை காலியாயிற்று. காவ் மட்டும் நின்றான்.

"உமக்கு வீடில்லையா?"

"வீடு இருக்கிறது, மகாராஜா. ஆள்தான் இல்லை. விடுமுறை என்றாலே எனக்குப் பயம்."

"அதற்காகவா இத்தனை பேர் வழியை மறித்தீர்?"

காவ் வெட்கித் தலைகுனிந்தான். ராஜா ஒரு பிடி மாவை அவன் பக்கம் தள்ளினான்.

"கையைக் கழுவிவிட்டு வாரும்."