கெண்டையின் ஒரு சொட்டு ரத்தம்

"எத்தனை புழு இருந்தா நோய்னு ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்க டீச்சர். எனக்கு அது போதும்."

கேட்டவர் இருதயராஜ். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் கெண்டை வளர்க்க வந்தவர்.

போன வருஷம் ஒரு மீனின் குடலில் புழுவைக் கண்டு மிரண்டு, குளம் முழுக்க மருந்தைக் கொட்டினார். புழுவோடு மீனும் போயிற்று. செத்ததை அள்ளி முடிக்க இரண்டு நாள் ஆனது.

அதன்பிறகுதான் ராபியாவிடம் படிக்க வந்தார். மீன் நோய் பார்க்கிற ராபியாவுக்கு அவர் மகள் வயது.

இந்த வருஷமும் புழு வந்திருந்தது.

"எப்படி எண்ணுனீங்க, ஐயா?"

"இருபது நாளா தினம் ஒண்ணை அறுக்குறேன். ஒரு மீன்ல நாலே புழு, ஆனா செவுள் வெளுத்துக் கிடந்துச்சு. இன்னொண்ணுல நாப்பது. அது கத்தி படுற வரைக்கும் துள்ளுச்சு."

"அந்த இருபதும் இப்ப எங்க?"

"புதைச்சிட்டேன்."

"ஒண்ணைப் பிடிச்சிட்டு வாங்க. கத்தி வேண்டாம்."

வாளியில் கொண்டுவந்தார். ராபியா கெண்டையை ஈரத்துணியில் சுற்றினாள். வாலோரம் ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். மீனைத் தொட்டியில் விட்டாள்.

"என்ன இது, ரத்தம் தண்ணியா இருக்கு?"

அவள் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, காயவைத்துச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். "பாருங்க."

இருதயராஜ் குனிந்தார். தேடினார்.

"புழு தெரியலையே."

"அது குடல்ல இருக்கு. அது செஞ்சதுதான் இங்க தெரியும். சிவப்பு அணு எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க."

"இந்த ஊதாப் பொட்டெல்லாம்?"

"வெள்ளை அணு. சும்மா இருக்கிற மீனுக்கு இவ்வளவு இருக்காது. புழுவோட மல்லுக்கு நிக்க உடம்பு பெருக்கியிருக்கு."

அவர் வெகுநேரம் நிமிரவில்லை. இருபது மீனை அறுத்தும் இப்படி ஒரு சண்டை நடப்பது அவர் கண்ணில் பட்டதில்லை.

"யாரு ஜெயிப்பா டீச்சர்?"

"ஒரு சொட்டுல தெரியாது. நாளைக்குப் பாக்கணும். அடுத்த வாரமும் பாக்கணும்."

இருதயராஜ் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மீன் மூலையில் ஒதுங்கிச் செவுளை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப இது உயிரோட இருக்கணுமே" என்றார். தண்ணீருக்குக் காற்று விடுகிற மோட்டாரின் சுவிட்ச் எங்கே என்று சுவரெல்லாம் தேட ஆரம்பித்தார்.