போனில் இறங்கிய படம்

வீட்டில் அடிபடும் பெண்களுக்கு ஓர் உதவி இல்லம் இருந்தது. அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர் தில்ஷாத் அக்கா. தெய்வானை அவரிடம் வேலை கற்க வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அக்கா கேட்டார்.

"எங்கெங்கே போய்த் தங்கலாம்னு முகவரி போட்ட படம் இருக்கே. அதுல ஏதாவது மாத்தினியா?"

"ஆமாக்கா. முன்னாடி தொட்டா பிரவுசர் அங்கேயே திறந்து காட்டும். இப்ப சர்வர்ல ஒரு வரி சேர்த்தேன். காட்டாதே, இறக்கி வைன்னு. நெட் இல்லாட்டியும் அவங்க போன்லயே இருக்கும்ல?"

"யார் போன்ல?"

கேட்டுவிட்டு அக்காவே தொடர்ந்தார்.

"பாதி வீட்ல ஒரே போன்தான். படம் இறங்கினா நேரா கேலரிக்குப் போயிடும். நேத்து ஒருத்தன் பிள்ளையோட பிறந்தநாள் போட்டோ பார்த்திருக்கான். தள்ளித் தள்ளிப் பார்த்தவன் கண்ணுல நம்ம படம் பட்டிருக்கு."

"ஐயோ. அவன் பொண்டாட்டி?"

"உயிர் இருக்கு."

தெய்வானை உடனே உட்கார்ந்து அந்த வரியை அழித்தாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாய் அடித்தாள்.

"எடுத்துட்டேன்கா. இனிமே இறங்காது. ஏற்கெனவே இறங்கினது?"

"முப்பத்தெட்டு பேர் இறக்கியிருக்காங்க."

"இங்கேயிருந்து அதை அழிக்க வழியில்லையா?"

"இல்ல."

 

"நல்லதுன்னு நெனச்சுத்தானேக்கா செஞ்சேன்" என்றாள் தெய்வானை. "அந்தம்மாவும் உடனே அழிச்சிருக்கலாம். இல்லாட்டி அவன் பார்க்கும்போதே போனை வாங்கியிருக்கலாம்ல?"

அக்கா கையை நீட்டினார்.

"உன் பாப்பா போட்டோ காட்டேன்" என்றார்.

இந்த நேரத்தில் எதற்கு என்று தெய்வானைக்குப் புரியவில்லை. போனைத் திறந்து நீட்டினாள். அக்கா ஒரு படம் பார்த்தார். தள்ளினார். இன்னொன்று பார்த்தார். மறுபடியும் தள்ளினார்.

தெய்வானை பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"என்னடி?"

"அதுக்கு அப்புறம்... வேற படம் இருக்குக்கா."

போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா தன் வெறும் கையைப் பார்த்தார்.

"நான் விட்டுட்டேன்" என்றார். "அவன் விடலை."